ஒரே திரையில் விளையாட்டும் சினிமாவும்: சேலையூர் வீட்டுக்கு ஏற்ற மானிட்டர்

கணினி விளையாட்டுக்கும் திரைப்படத்துக்கும் சேர்த்து ஒரே மானிட்டர் வாங்க முற்படுபவர், கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், அது அமரப்போகும் அறையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொள்வது நல்லது. சேலையூரில் கேம்ப் ரோடு சந்திப்பிலிருந்து அகரம்தென் சாலை நெடுகவும், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கங்களிலும் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் கணினிக்கென்று தனி அறை அமைவது அரிது. பத்தடிக்குப் பத்தடி படுக்கையறையில் கட்டிலும் பீரோவும் போக மிஞ்சிய சுவரோரத்தில்தான் மேசை போடப்படுகிறது. அதே அறையில் இன்னொருவர் படித்துக்கொண்டோ துணி மடித்துக்கொண்டோ இருப்பதால் இரவிலும் டியூப்லைட் அணைவதில்லை. மானிட்டர்ப் பெட்டியின்மேல் அச்சிடப்படும் எண்களோ, இருட்டான அறையில் திரைக்கு நேர் எதிரே கருவி வைத்து அளந்த எண்கள். அவற்றில் எவை இந்த அறையிலும் செல்லுபடியாகும், எவை ஆகா என்று பிரித்தறிவதே தேர்வின் பெரும்பகுதி.

முதலில் தொலைவு. திரையில் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளிப்புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியுள்ள இரு புள்ளிகளை நல்ல பார்வையுடைய கண் பிரித்தறியும் என்ற வழக்கமான அளவுகோலைக் கொண்டு கணக்கிட்டால், 27 அங்குலத் திரையில் ஃபுல் எச்டி, அதாவது 1920×1080 பிக்சல்கள் இருக்கும்போது, ஒவ்வொரு பிக்சலும் 0.31 மில்லிமீட்டர் அகலம் கொண்டு, ஏறத்தாழ 1.07 மீட்டர் தொலைவு வரை தனித்துத் தெரியும். கடைகளில் 2கே என்று சொல்லப்படும் 2560×1440 பிக்சல்கள் அதே திரையில் இருந்தால் அந்தத் தொலைவு 80 சென்டிமீட்டராகவும், 4கே எனப்படும் 3840×2160 இருந்தால் 53 சென்டிமீட்டராகவும் குறைகிறது. மேசையின் முன் அமர்பவரின் கண்ணுக்கும் திரைக்கும் இடையே பொதுவாக 60 முதல் 75 சென்டிமீட்டர் இருக்கும் என்பதால், 27 அங்குலத்தில் ஃபுல் எச்டி வாங்குபவருக்கு எழுத்துகளின் ஓரம் பிசிறடித்துத் தெரிவது உறுதி. 2கே அந்தத் தொலைவில் பெருமளவு நிறைவு தருகிறது. இதற்கு மாறாக, படத்தை மட்டும் கட்டிலில் சாய்ந்து இரண்டு மீட்டர் தள்ளியிருந்து பார்ப்பவருக்கு ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் கூர்மையில் வேறுபாடு தெரியாது. அவருக்கு வேண்டியது திரையின் பரப்புதான், பிக்சல்களின் எண்ணிக்கை அன்று.

பிக்சல் கூடக் கூட அவற்றை வரைந்து தள்ளும் கிராபிக்ஸ் கார்டின் சுமையும் கூடுகிறது. ஃபுல் எச்டியில் 20.7 லட்சம், 2கேயில் 36.9 லட்சம், 4கேயில் 82.9 லட்சம் பிக்சல்களை ஒவ்வொரு சட்டகத்துக்கும் அது புதிதாகக் கணக்கிட வேண்டும். வேலொரண்ட் போன்ற இலகுவான விளையாட்டை நடுத்தரக் கார்டே மிக வேகமாக ஓட்டிவிடும். பரந்த உலகத்தைக் காட்டும் கனமான கதை விளையாட்டுகளில் அதே கார்டு 4கேயில் திணறும். கார்டு பழையதாக இருக்கையில் மானிட்டரை மட்டும் 4கேக்கு உயர்த்துவது வீண்செலவு.

அடுத்து, திரையின் உயிர்நாடியான பேனல். இன்று சந்தையில் கிடைப்பவற்றுள் ஐபிஎஸ், விஏ, ஓஎல்இடி என்ற மூன்றைத்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது; டிஎன் எனப்படும் பழைய வகை, பக்கவாட்டில் நிறம் வெளிறுவதால், படம் பார்ப்பவருக்கு ஏற்றதன்று. ஐபிஎஸ், விஏ இரண்டிலும் பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்க, முன்னாலுள்ள திரவப் படிகங்கள் அந்த ஒளியை மறைத்தும் திறந்தும் படத்தை உருவாக்குகின்றன. வெள்ளைக்கும் கருப்புக்கும் இடையிலான ஒளி விகிதத்துக்குக் கான்ட்ராஸ்ட் என்று பெயர். அது ஐபிஎஸ்ஸில் 1000க்கு 1 என்ற அளவிலும், விஏயில் 3000க்கு 1 என்ற அளவிலும் அமைகிறது. இந்த வேறுபாடு காகிதத்தோடு நிற்பதன்று. ஏறத்தாழ முழுக்கதையும் ஒரே இரவில் நிகழும் கைதி (2019) போன்ற படத்தை விளக்கணைத்த அறையில் ஐபிஎஸ் திரையில் ஓட்டினால், லாரியைச் சுற்றியுள்ள இருள் சாம்பல் பூத்துத் தெரிவதோடு, திரையின் மூலைகளில் வெளிறிய ஒளி கசிவதும் கண்ணில் படும். விஏ திரையில் அதே இருள் இருளாகவே நிற்கும்.

ஆனால் டியூப்லைட்டைப் போட்டவுடன் கணக்கு மாறிவிடுகிறது. வெள்ளை 250 நிட் ஒளிர்வில் இருக்கும் ஐபிஎஸ் திரையின் கருப்பு 0.25 நிட், விஏ திரையின் கருப்பு சுமார் 0.08 நிட், நிட் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கேண்டெலா என்னும் ஒளிர்வின் அலகு. வெளிச்சமுள்ள அறையில் திரைமேல் பட்டுத் திரும்பும் ஒளியே பெரும்பாலும் இவ்விரண்டையும் விஞ்சிவிடுவதால், மும்மடங்கு என்று விளம்பரப்படுத்தப்பட்ட மேன்மை கண்ணுக்கு எட்டாமல் போகிறது. விஏயின் குறைகள் மட்டும் வெளிச்சத்திலும் அப்படியே தங்குகின்றன: கருமையிலிருந்து சற்றே வெளிர்ந்த நிறத்துக்கு மாற அதன் படிகங்கள் தாமதிப்பதால், இருண்ட காட்சிகளில் வேகமாக நகரும் உருவத்தின் பின்னே கரிய தடம் இழுபடுகிறது, கட்டிலின் ஓரத்திலிருந்து சரிவாகப் பார்ப்பவருக்கு நிறமும் வெளிறுகிறது. எனவே விளக்கணையாத, இருவர் மூவர் சேர்ந்து பார்க்கும் அறைக்கு ஐபிஎஸ்ஸே தகும். இரவில் விளக்கணைத்துத் தனியே, நேர் எதிரே அமர்ந்து பார்ப்பவருக்கு விஏ குறைந்த செலவில் கூடுதல் இன்பம் தரும்.

ஓஎல்இடியின் இயல்பே வேறு. அதில் பின்விளக்கு கிடையாது; ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ந்து தானே அணைவதால் கருப்பு முழுக்கருப்பாகவும், அசைவு தடமின்றியும் தெரிகிறது. விளையாட்டு, திரைப்படம் இரண்டையும் ஒருசேர நிறைவு செய்யும் பேனல் எது என்று மட்டும் கேட்டால் தயங்காமல் இதையே சொல்லலாம். விலை, அதே அளவுள்ள 2கே ஐபிஎஸ்ஸைப்போல் இருமடங்குக்கும் மேல் என்பது ஒருபுறமிருக்க, அறையைச் சார்ந்த இரு சிக்கல்கள் இதற்கும் உண்டு. கியூடி-ஓஎல்இடி என்ற வகையில் வெளியொளியை உறிஞ்சும் முனைவாக்கும் படலம் இல்லாததால், டியூப்லைட் வெளிச்சத்தில் அதன் கருப்பு ஊதா கலந்த சாம்பலாக மாறுகிறது. டபிள்யூஓஎல்இடி வகை இந்த வெளிச்சத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். மற்றொன்று நம் வீடுகளின் பழக்கம். ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் உருவங்கள், உதாரணமாக விண்டோஸின் அடிப்பட்டையோ விளையாட்டின் மதிப்பெண் கட்டமோ, நாளடைவில் திரையில் நிரந்தரத் தழும்பாகப் படியக்கூடும். அதைத் தடுக்க, சில மணி நேரம் ஓடியபின் மானிட்டர் காத்திருப்பு நிலையில் இருக்கும்போது தன் பிக்சல்களைத் தானே சீர்செய்துகொள்ளும். கணினியை நிறுத்தியதும் சுவர் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கப்போகும் வீட்டில் அந்தச் சீரமைப்பு நடக்கவே வழியில்லை. ஓஎல்இடி வாங்குபவர் அந்த ஒரு சுவிட்சை மட்டும் அணைக்கக் கூடாதென்று வீட்டார் அனைவருக்கும் சொல்லிவைக்க வேண்டும். தழும்பு உத்தரவாதத்துக்குள் அடங்குமா என்பதையும் இந்திய உத்தரவாத அட்டையிலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

எச்டிஆர் என்ற சொல்லுக்காக அதிகப் பணம் கொடுப்பது பற்றி ஓர் எச்சரிக்கை போதும். ஒளிமிக்க பகுதியையும் இருண்ட பகுதியையும் ஒரே காட்சியில் அகலமான வீச்சில் காட்டுவது எச்டிஆர். வெசா அமைப்பின் டிஸ்ப்ளே எச்டிஆர் தரவரிசையில் அடிப்படியான 400, திரையின் ஒரு பகுதியை மட்டும் மங்கச் செய்யும் ஏற்பாட்டை வற்புறுத்துவதில்லை. அந்த ஏற்பாடு இல்லாத எல்சிடி திரையில் எச்டிஆரை இயக்கினால் படம் முழுதும் பளிச்சிடுமேயன்றி ஆழம் கூடாது.

ரெஃப்ரெஷ் ரேட் என்பது திரை ஒரு விநாடியில் எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதன் கணக்கு, அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும், 144இல் 6.9 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும், 240இல் 4.2 மில்லிவிநாடிக்கு ஒருமுறையும் புதிய படம் வருகிறது. 60இலிருந்து 144க்கு ஏறும்போது கிடைக்கும் ஆதாயம் ஏறத்தாழ 10 மில்லிவிநாடி. அங்கிருந்து 240க்கு ஏறினால் மூன்றுக்கும் குறைவு. போட்டிகளில் ஆடுபவர் தவிர மற்றவர்க்கு 144ஐ ஒட்டிய வேகம் நிறைவானது. விளையாட்டுக்கென்று செய்த இந்த வேகம் திரைப்படத்துக்கும் உதவுகிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. சினிமா விநாடிக்கு 24 சட்டகங்களில் படமாக்கப்படுகிறது. 60 என்பது 24ஆல் மீதியின்றி வகுபடாததால், 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு சட்டகத்தை இருமுறையும் அடுத்ததை மும்முறையும் காட்ட, கேமரா மெல்ல நகரும் காட்சிகளில் படம் துள்ளித் துள்ளிச் செல்கிறது. 120இல் ஒவ்வொரு சட்டகமும் ஐந்து முறையும் 144இல் ஆறு முறையும் சீராக வருவதால் அந்தத் துள்ளல் மறைகிறது. இப்போது மிகுதியாக விற்கும் 165, 180 ஹெர்ட்ஸ் மானிட்டர்களில் இந்த வகுத்தல் சரிவராது என்பதால், படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் அமைப்பை 144க்கோ 120க்கோ இறக்கிக்கொள்வது நல்லது. கார்டு சட்டகத்தை முடிக்கும் தாளத்துக்குத் திரையும் இசைந்துகொடுக்கும் ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் வசதிகளுள் ஒன்றேனும் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரையின் வடிவம் சினிமா விரும்பிகளுக்குத் தனிச் சிக்கல். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ராஜராஜ சோழன் 1973இல் வெளிவந்த காலந்தொட்டு அகன்ற சட்டகம் நம் திரையரங்குகளில் வேரூன்றிவிட்டது. இன்றைய பெரும்படங்கள் பலவும் உயரத்தைப்போல் 2.39 மடங்கு அகலத்தில் அமைகின்றன. வழக்கமான மானிட்டரின் விகிதம் 16க்கு 9 என்பதால், 27 அங்குலத் திரையின் 33.6 சென்டிமீட்டர் உயரத்தில் படம் 25 சென்டிமீட்டரைத்தான் நிரப்புகிறது. எஞ்சிய கால்வாசி மேலும் கீழும் கருப்புப் பட்டைகளாக நிற்கிறது. ஐபிஎஸ் திரையில் அந்தப் பட்டைகளே சாம்பலாகத் தெரிந்து உறுத்தும். 34 அங்குல அல்ட்ராவைட் திரையோ ஏறத்தாழ அதே உயரத்தோடு 80 சென்டிமீட்டர் அகலம் கொண்டிருப்பதால் அகன்ற படம் விளிம்புவரை நிறைகிறது. பராசக்தி (1952) காலத்துப் படங்கள் அதில் நடுவில் ஒடுங்கி நிற்கும். சில ஓடிடி தளங்கள் கருப்புப் பட்டைகளைப் படத்தோடு சேர்த்தே அனுப்புவதால் நாற்புறமும் கருப்புச் சட்டமிட்ட சிறு படமாகவும் சுருங்கிவிடும். விளையாட்டிலும் இந்த வடிவத்துக்கு வரவேற்பு ஒரே மாதிரி இல்லை: கதை விளையாட்டுகள் பலவும் கூடுதல் அகலத்தைப் பயன்படுத்திக்கொள்ள, வேலொரண்ட் இருபுறமும் கருப்பாக விடுகிறது, பிளேஸ்டேஷன் 5 அல்ட்ராவைட் அளவை ஏற்பதே இல்லை. வரியின் தடை மட்டும் நீங்கிவிட்டது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைகளுக்கு 28 விழுக்காடாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருப்பதால், சிறிய திரைக்கும் 34 அங்குலத்துக்கும் இடையிலிருந்த பத்து விழுக்காட்டு வரிச்சுமை இப்போது இல்லை.

கணினியோடு பிளேஸ்டேஷன் 5ஐயும் இணைப்பவர் எச்டிஎம்ஐ 2.1 துளையை வற்புறுத்திக் கேட்க வேண்டும்; 4கேயில் 120 ஹெர்ட்ஸ் அதன்வழிதான் கிடைக்கும். 2கே திரைக்கு அந்தக் கருவி 2022 செப்டம்பரிலிருந்துதான் இடம் தந்தது. ஓடிடி படங்களே முதன்மை, விளையாட்டு எப்போதாவது என்ற வீட்டில் மானிட்டரை விட 43 அங்குல டிவியே பொருந்தும். உலாவிவழி பார்க்கும்போது சில தளங்கள் படத்தின் தரத்தைக் குறைத்துவிடுகின்றன, டிவியின் செயலியிலோ முழு 4கே வருகிறது.

இவற்றையெல்லாம் சேலையூர் அறைக்குள் வைத்துப் பார்த்தால், பகிர்ந்துகொள்ளும் அறையில் நடுத்தரக் கார்டோடு இரண்டுக்கும் சமமாகப் பயன்படுத்துபவர்க்கு 27 அங்குல, 2கே, 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான ஐபிஎஸ் மானிட்டரே முதல் தேர்வு. கிறித்தவக் கல்லூரி, பாரத் பல்கலைக்கழகம் பக்கம் வாடகை அறையில் தங்கி, வேலொரண்டையே பெரிதும் ஆடும் மாணவருக்கு 24 அங்குல ஃபுல் எச்டி போதும். மிஞ்சும் பணத்தை நல்ல ஹெட்ஃபோனுக்கு ஒதுக்கலாம், ஏனெனில் மானிட்டர்களின் ஒலிபெருக்கிகள் பெரும்பாலும் பெயரளவுக்கே. தனி அறையும் இரவு நேரமும் சினிமாப் பற்றும் வாய்த்தவர் 34 அங்குல விஏ அல்ட்ராவைட்டையோ, கைக்கு எட்டினால் ஓஎல்இடியையோ நாடலாம். எந்தத் திரையானாலும் சன்னலுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தால், சித்திரை வெயில் மேற்குச் சன்னல்வழி இறங்கும் பிற்பகலிலும் படம் தெளிவாகத் தெரியும்.

இணையத்தில் வாங்குவது எளிது. ஆயினும் பேனலைக் கண்ணால் ஒப்பிட விரும்புபவர் தாம்பரத்தில் மின்ரயில் ஏறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கும் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். அங்கே பணம் கட்டுமுன் பெட்டியைப் பிரித்து, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரே நிறப் படங்களை முழுத்திரையில் ஓட்டச் சொல்லி, அணைந்துபோன பிக்சலோ மூலையில் ஒளிக்கசிவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருப்புப் படத்தின்போது கடை விளக்கின் பிரதிபலிப்பு விழாதபடி கையால் மறைத்துக்கொள்வது அவசியம். வீட்டுக்கு வந்தபின் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் இணைத்து, விண்டோஸின் மேம்பட்ட திரை அமைப்பைத் திறந்து ரெஃப்ரெஷ் ரேட்டைக் கையால் உயர்த்த வேண்டும். பல கணினிகள் புதிய மானிட்டரையும் 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும்.