தேர்த்திருவிழாவும் வலி ஜெல்லும்

தேரன்று நம் ஆண்கள் மேலாடையின்றி வெயிலில் நின்று வடம் பிடிப்பது வழக்கம். தோள்வலிக்குப் பூசிய ஜெல்லில் கீட்டோபுரோபென் இருந்தால் கவனம் தேவை. தோலில் தங்கும் அம்மருந்து, புற ஊதாக் கதிர் பட்டதும் மாற்றமடைந்து ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். பூசிய இடம் சிவந்து அரிக்கும், கொப்புளங்களும் எழலாம். முகில் மூடிய நாளிலும் இது நேரலாம். இதனாலேயே, மருத்துவரின் சீட்டுக்கு மட்டும் இதைக் கொடுக்குமாறு ஐரோப்பிய மருந்து முகவரகம் 2010இல் பரிந்துரைத்தது.

பூசும் நாட்களிலும், நிறுத்திய பின் 2 வாரங்களும் அவ்விடத்தை ஆடையால் மூடவேண்டும். ஆகவே தேருக்கு 2 வாரம் முன்பே ஜெல்லை நிறுத்தி, மாற்று மருந்தை மருத்துவரிடம் கேட்போம். பூசியதும் கைகளைக் கழுவுவோம். சன் கிரீமை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். சிலவற்றில் உள்ள ஒக்டோகிரிலீன் இந்த ஒவ்வாமையைக் கூட்டக்கூடும். தோல் சிவந்தால் ஜெல்லை உடனே நிறுத்தி மருத்துவரை நாடுவோம்.