தளத்தின் கீழே

நுழையும்முன்
நாள்தோறும் நடந்து பழகிய வீட்டுத் தளத்தின் அடியில் என்ன இருக்கும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மண்ணை அடுக்கடுக்காகப் படிக்கும் முறையை வைகைக்கரைச் சான்றுகளின்வழி விளக்குகிறது இப்பாடம்.

வைகையின் வடகரையில் உள்ள தல்லாகுளத்தில், பழைய வீடுகளைப் பிரித்து அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுப்புவது இன்று இயல்பான காட்சியாகிவிட்டது. தளத்தை உடைக்கும் இடத்தில் சற்றே நின்று கவனித்தால் அதன் வெட்டுமுகம் புலப்படும். மேலே சிவப்புக் காவி கலந்து மெழுகிய சிமெண்டுப் பூச்சு. அதன்கீழ்ச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசுக்கட்டையால் இடித்த கெட்டித்தளம். அதற்கும் கீழே மணல். சில வீடுகளில் காவித்தளத்தின் அடியில் மற்றொரு பழைய தளம் இருக்கும். பழையதைப் பெயர்த்தெடுப்பதைவிட அதன்மேலேயே புதியதை இடுவது எளிதன்றோ? வீடு இவ்வாறு உயர்கிறது, தெருவும் உயர்கிறது. முன்பு படியேறி நுழைந்த வீட்டினுள் இன்று படியிறங்கி நுழைய நேர்வதும் இதனாலேயே.

உரோம் நகரின் புனித கிளமெந்து ஆலயத்தின் தளத்துக்கு அடியில் 1857ஆம் ஆண்டு அகழத் தொடங்கியபோது, முழுமையான மற்றோர் ஆலயம் வெளிப்பட்டது. அதற்கும் கீழே உரோமப் பேரரசுக் காலக் கட்டடங்கள் இருந்தன. மக்கள் நெடுங்காலம் நீங்காது வாழ்ந்த ஊர்களில் இத்தகைய அடுக்குகள் அமைவது இயற்கை. மதுரையும் அத்தகைய ஊரே. ஆனால், வாழும் நகரின் வீடுகளை அகற்றி அகழ்வது அரிது. அவ்வாய்ப்பை நல்கியது மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடி. அங்குள்ள பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பாகவே இருந்தமையால், ஆழமான கடைக்கால்கள் அதன் மண்ணைக் குலைக்கவில்லை.

2015ஆம் ஆண்டு இந்தியத் தொல்லியல் துறை, அமர்நாத் இராமகிருஷ்ணன் தலைமையில் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் 2018 முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. தென்னை வேர்களின் அடியில் செங்கற்சுவர்களும் தளங்களும் தலைகாட்டின. கூரை ஓடுகளில் மழைநீர் வழிந்தோட விரலால் இழுத்த பள்ளங்களும், மரச்சட்டத்தோடு கட்டுவதற்கான துளைகளும் இருந்தன. நீர் செல்வதற்குச் சுடுமண் குழாய்களை ஒன்றனுள் ஒன்று பொருத்தியிருந்தனர். நூல் நூற்கும் தக்களிகள், எலும்பாலான கூர்முனைகள், பகடைகள், வட்டச் சில்லுகள், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியனவும் கிடைத்தன.

இவற்றுள் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது உறைகிணறு. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைப்பது அது. அதன் அடிப்பகுதி, கிணறு வெட்டியவர்களின் காலத்துக்கு மிக முற்பட்ட மண்ணுக்குள் இறங்கியிருக்கக்கூடும். எனவே, ஆழத்தில் கிடைத்தது என்பதனாலேயே கிணற்றின் அடி வளையம் அருகிலுள்ள மண்ணைப்போல் பழமையானது என்று கூறிவிட முடியாது. எந்தத் தளத்திலிருந்து கிணறு வெட்டப்பட்டதோ அந்தத் தளமே அதன் காலத்தைக் காட்டும். ஆகையால் ஆய்வாளர்கள் கிணற்றின் ஆழத்தைவிட அதன் வாய்மட்டத்தையே முதலில் தேடுகின்றனர். குழிகளுக்கு இடையே ஒரு மண்சுவரை வெட்டாது விட்டுவைப்பதும் இதற்காகவே. அச்சுவரின் முகத்தில் எந்தத் தளம் எதை வெட்டிச் செல்கிறது என்பதைக் கோடுகோடாகக் காணலாம்.

கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரித்துண்டு, அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் பகுப்பாய்வில் கி.மு. 580ஐச் சேர்ந்தது எனக் கணிக்கப்பட்டது. 200 செ.மீ. ஆழத்துக் கரி கி.மு. 205ஐச் சுட்டியது. 153 செ.மீ. மண் சேர 375 ஆண்டுகள். அஃதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 4 மி.மீ. இக்கணக்கு கவர்ச்சியானது, ஆயினும் அதனை எல்லா இடத்துக்கும் பொருத்துதல் தகாது. ஒரு வெள்ளம் ஒரே நாளில் ஒரு சாண் மண்ணைக் கொணரும். கூட்டி மெழுகிய முற்றமோ தலைமுறைக்கும் உயராது.

கரித்துண்டு தன்னளவில் ஒரு காசும் பெறாது. எந்த ஆழத்தில், எந்தத் தளத்தின்மேல், எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பே அதற்குப் பொருள் தருகிறது. கடைக்கால் தோண்டும் பொக்லைன் இயந்திரம் ஒரு பிற்பகலில் அனைத்து அடுக்குகளையும் கலந்து லாரியில் ஏற்றிவிடும். பொற்காசு கிடைத்தால் எவரேனும் பொறுக்கிக்கொள்வர். உடைந்த உறையையும் கரியையும் யார் பொருட்படுத்துவர்? 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்து கிடந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துவழி அறிவிக்க வேண்டும் என்கிறது. விலையை அளவுகோலாகக் கொண்ட அச்சட்டத்தின் கண்ணுக்குக் கரித்துண்டு புலப்படுவதில்லை.

வீட்டுத் தளத்தின் அடியில் சுடுமண் வளையமோ, பழஞ்செங்கல் வரிசையோ தென்பட்டால் தோண்டுவதை நிறுத்துக. பொருளை எடுக்காமல், அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். தரைமட்டத்திலிருந்து அதன் ஆழத்தை அளந்து, நாளோடு குறித்து, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும்.