குரல் அட்டை வாங்கும் முன்

நம் விடுதித் தோழர் ஒருவர், ஊரிலிருந்து வந்த பணத்தில் ஒரு மாத உணவுச் செலவை மிச்சம் பிடித்து, நகரத்துக் கடை ஒன்றில் பழைய குரல் அட்டை ஒன்று வாங்கி வந்தார். அட்டை ரூட்டரின் ஸ்லாட்டில் கச்சிதமாகப் பொருந்தியது; திருகாணியும் முடுக்கியாயிற்று. ஆனால் ரூட்டரோ அப்படி ஓர் அட்டை இருப்பதாகவே காட்டவில்லை. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். அட்டையில் பழுது ஒன்றும் இல்லை. அது வேறு வரிசை ரூட்டருக்கு உரியது, அவ்வளவே. இத்தகைய நஷ்டம் இன்னொருவருக்கு வராதிருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் குரல் அட்டை என்பது யாது? சாதாரணத் தொலைபேசியின் இரட்டைக் கம்பியைக் கணினி வலைப்பின்னலோடு இணைப்பது அது. அதில் இரு வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று எப்.எக்ஸ்.எஸ்.; இது எக்ஸ்சேஞ்சின் வேலையைச் செய்வது. தொலைபேசிக்கு மின்சாரம் தந்து, டயல் ஒலி எழுப்பி, மணியும் அடிக்கும். மற்றொன்று எப்.எக்ஸ்.ஓ.; இது தொலைபேசியின் வேலையைச் செய்வது. எக்ஸ்சேஞ்ச் தரும் மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு, ரிசீவரை எடுப்பதும் வைப்பதும் போல நடந்துகொள்ளும். எனவே சுவரிலுள்ள தொலைபேசி இணைப்பை எப்.எக்ஸ்.எஸ். போர்ட்டில் ஒருபோதும் செருகாதீர். எக்ஸ்சேஞ்சின் கம்பியில் சுமார் 48 வோல்ட் உண்டு. மின்சாரம் தருவோர் இருவர் எதிரெதிரே நின்றால் அட்டை கெடக்கூடும்.

அடுத்து, எந்த அட்டை எந்த ரூட்டருக்கு என்று பார்ப்போம். சிஸ்கோவின் 2801, 2811 ஆகியவை மாணவர் கைக்கு எட்டும் பழைய ரூட்டர்கள். இவை வி.ஐ.சி.2-2எப்.எக்ஸ்.எஸ்., வி.ஐ.சி.2-2எப்.எக்ஸ்.ஓ. என்னும் இரண்டாம் தலைமுறை அட்டைகளை ஏற்கும். முதல் தலைமுறையான வி.ஐ.சி.-2எப்.எக்ஸ்.எஸ். இன்னும் மலிவு, உருவமும் அதே, ஆனால் இவற்றில் இயங்காது. அதனை 1751, 1760 போன்ற ரூட்டர்கள் நேராக ஏற்கும். 2600 வரிசையில் என்.எம்.-2வி என்ற தாங்கி அட்டை வேண்டும். நம் தோழர் ஏமாந்தது இந்த ஓர் இலக்க வேறுபாட்டில்தான்.

இனி, பலரும் மறந்துபோகும் பொருள் ஒன்று உண்டு. குரலை இலக்கமாக மாற்றும் டி.எஸ்.பி. சில்லு, 2800 வரிசையில் அட்டையில் இல்லை; பி.வி.டி.எம்.2 என்ற தனித் துண்டாகத் தாய்ப்பலகையில் செருக வேண்டும். அது இல்லாவிடில் குரல் போர்ட்டுகள் தோன்றவே தோன்றா. இரட்டை எப்.எக்ஸ்.எஸ். ஒன்றும் இரட்டை எப்.எக்ஸ்.ஓ. ஒன்றும் சேர்ந்தால் நான்கு வழிகள். பி.வி.டி.எம்.2-8 என்ற சிறு துண்டு ஜி.711 முறையில் 8 வழிகளையும், ஜி.729ஏ முறையில் 4 வழிகளையும் தாங்கும். ஆகவே அதுவே நமக்குப் போதும். பெரியதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ரூட்டரின் ஐ.ஓ.எஸ். மென்பொருளும் குரல் வசதி உடையதாக இருத்தல் வேண்டும்.

இவ்விரு முறைகளின் வேறுபாட்டையும் அறிந்துகொள்வது நன்று. ஜி.711 வினாடிக்கு 64 கிலோபிட். 20 மில்லிவினாடிக்கு ஒரு பொட்டலமாக அனுப்பினால் ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட்டு, தலைப்பு 40 பைட்டு. ஆக 80 கிலோபிட் ஆகிறது. ஜி.729 வெறும் 8 கிலோபிட். ஆனால் தலைப்பு குறையாமையால் 24 கிலோபிட் ஆகிறது. சரக்கைவிடச் சாக்கு கனமாகிவிட்டது, பார்த்தீர்களா! இதனைக் கணக்கில் படிப்பதைவிட அறையில் அளந்து பார்ப்பதே கல்வி.

வெளித் தொலைபேசி இணைப்பு இல்லையே என்று வருந்த வேண்டா. ஒரு ரூட்டரில் எப்.எக்ஸ்.எஸ்., மற்றொன்றில் எப்.எக்ஸ்.ஓ. வைத்துச் சாதாரணத் தொலைபேசிக் கம்பியால் இரண்டையும் இணைத்துவிடுங்கள். முன்னது எக்ஸ்சேஞ்சு, பின்னது அலுவலகம். மாத வாடகை இன்றியே ஒரு சிறு நகரம் உங்கள் மேசைமேல் அமைந்துவிடும். உண்மையான இணைப்பில் செருகுங்கால் 'சிபிடோன் ஐ.என்.' என்ற கட்டளையைத் தர மறவாதீர். ரூட்டர் முதலில் அமெரிக்க ஒலிகளையே எதிர்பார்க்கும். நம் நாட்டு ஒலி 400 ஹெர்ட்ஸை அடிப்படையாகக் கொண்டது. ஒலி புரியாவிடில், பேசியவர் வைத்துவிட்ட பின்னும் ரூட்டர் இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. உரிமமின்றி வெளிநாட்டு அழைப்புகளை இணையம் வழியாகப் பெற்று உள்ளூர் இணைப்பில் விடுவது குற்றம். இந்நகரிலேயே அத்தகைய கள்ள எக்ஸ்சேஞ்சுகளைப் போலீசார் பிடித்திருக்கின்றனர். சோதனைச்சாலை மேசையோடு நிற்கட்டும்.

இவையெல்லாம் இன்று தேவைதானா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிஸ்கோவின் தனிக் குரல் தேர்வுகளில் தொடக்க நிலைத் தேர்வு 2020 பிப்ரவரியோடு நின்றது. மேல்நிலைத் தேர்வே உள்ளது. எஸ்.ஐ.பி. முறை மட்டும் கற்க விரும்புவோர்க்கு அட்டையே வேண்டா. 1999-இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய ஆஸ்டரிஸ்க் என்ற இலவச மென்பொருளும், கைப்பேசியில் ஒரு மென்தொலைபேசியும் போதும். ஆயினும் மருத்துவமனை, ஓட்டல், மின்தூக்கி முதலிய இடங்களில் இரட்டைக் கம்பி இன்னும் வாழ்கிறது. பழையதையும் புதியதையும் இணைக்கத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை உண்டு. எனவே முதலில் மென்பொருளில் கற்றுக்கொள்ளுங்கள். கம்பியைத் தொட வேண்டிய நிலை வரும்போது அட்டை வாங்குங்கள்.

வாங்கும் நாளில் செகந்திராபாத் பார்க் லேனிலுள்ள செனாய் டிரேட் சென்டருக்குச் சென்றாலும் சரி, அமீர்ப்பேட்டையில் படிப்பு முடித்தவரிடம் வாங்கினாலும் சரி, முதலில் அட்டையின் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அடுத்து ரூட்டரில் செருகி இயக்கச் சொல்லி, 'ஷோ இன்வென்டரி', 'ஷோ வாய்ஸ் போர்ட் சம்மரி' ஆகிய இரு கட்டளைகளையும் கொடுத்துப் பாருங்கள். முடிந்தால் பழைய தொலைபேசி ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். டயல் ஒலியைக் காதால் கேட்ட பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு தொகுதி வாங்குவது இன்னும் மேல். செலவு பங்காகும், மறுமுனையில் பேச ஓர் ஆளும் கிடைப்பார் அல்லவா?