ஸ்லேட் கூரையைப் பிரிக்கச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

அமெரிக்காவில் 1910, 1920களில் கட்டிய வீட்டை வாங்கியவர்களுக்கு முதல் மழையிலேயே ஒரு சந்தேகம் வந்துவிடும். கூரை ஒழுகுகிறது, வந்து பார்த்த காண்ட்ராக்டர், மொத்தத்தையும் பிரித்துவிட்டுத் தார் ஷிங்கிள் (தார் ஏற்றிய மெல்லிய கூரைவில்லை) போட்டுவிடலாம் என்கிறார். சரி என்று சொல்லிவிடலாமா?

முதலில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு பரணில் ஏறுங்கள். கைமரங்களின் மேல் பலகைகள் நெருக்கமாக இல்லாமல், ஓட்டு வீட்டு ரீப்பர் மாதிரி இடைவெளி விட்டு அடித்திருந்தால், ஆதியில் அங்கே இருந்தது பெரும்பாலும் மர ஷிங்கிள்தான். ஷிங்கிள் செய்யும் சீடர் மரம் நனைந்தால், உலரக் காற்று வேண்டும்; அதற்கான இடைவெளி அது. அதன்மேல் தார் ஷிங்கிள் போடுவதென்றால் முழுப் பலகை அடித்தாக வேண்டும். அந்தச் செலவு மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

மர ஷிங்கிளுக்கு எமனாக வந்தது நெருப்பு. 1923 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன; கூரைக்குக் கூரை தீ தாவ மர ஷிங்கிளே வழிகாட்டியது. தார் ஷிங்கிள் அதற்கு முன்பே, 1903 வாக்கில், மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்பவர் கையில் உருவாகியிருந்தது. விலை மலிவு, சட்டென்று தீப்பிடிக்காது. பிறகென்ன, நாடெங்கும் பரவியது.

உங்கள் கூரையில் இருப்பது ஸ்லேட், அதாவது மெல்லிய கற்பலகை, என்றால் கதையே வேறு. வெர்மான்ட்டின் பச்சை, ஊதாக் கற்கள் நூறாண்டு தாண்டியும் உழைக்கும். பென்சில்வேனியாவின் சில மென்கற்கள் அறுபது, எழுபது ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிரத் தொடங்கும். எந்தச் சுரங்கத்துக் கல் என்று தெரியாமல் ஆயுளைக் கணிக்க முடியாது. கழன்று விழுந்த கல் கிடைத்தால் விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் கல்லில் உயிர் இருக்கிறது. மொத்தென்று கேட்டால் உள்ளே நீர் இறங்கிவிட்டது.

ஒழுகும் ஸ்லேட் கூரையில் பெரும்பாலும் குற்றவாளி கல் அல்ல. இரண்டு சரிவுகள் சேரும் கூடுவாயிலும் புகைபோக்கியைச் சுற்றியும் பதித்த தகடுதான் முதலில் போகும். தகட்டை மாற்றினாலே ஒழுகல் நின்றுவிடலாம். உடைந்த கல்லை மட்டும் உருவி எடுத்து, செம்பு ஆணியிலோ கொக்கியிலோ புதுக்கல்லைப் பொருத்தலாம். ஒரு சரிவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உடைந்தோ நழுவியோ போயிருந்தால்தான் முழுமையாக மாற்றுவது லாபம். கல்மேல் தாரைப் பூசுகிறேன் என்பவரையும், பூட்ஸ் காலோடு அதன்மேல் நடப்பவரையும் அன்றே அனுப்பிவிடுங்கள்.

கூரையில் இருப்பது சாம்பல் நிறத்தில், மெல்லியதாக, எல்லாம் ஒரே கனத்தில் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமென்ட் ஷிங்கிளாக இருக்கலாம். அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள், பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். பயிற்சி பெற்றவரை வைத்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள்.

கூரையின் வடிவத்தையும் மதியுங்கள். சதுரப் பெட்டி போன்ற 'ஃபோர்ஸ்கொயர்' வீட்டுக்கு நாற்புறச் சரிவும் முன்னால் ஒரு சின்னக் கூரைச் சன்னலும்தான் முகம். பங்களா பாணி வீட்டின் அழகு, தாழ்ந்த சரிவும், சுவரைத் தாண்டி வெளியே நீளும் கைமர நுனிகளும். அவற்றை அலுமினியத் தகட்டால் மூடச் சொல்வார்கள். உள்ளே நடக்கும் உளுப்பு பிறகு கண்ணில் படாது.

வீடு வரலாற்றுப் பகுதியில் இருந்தால் நகராட்சி அனுமதி இல்லாமல் கூரையில் கை வைக்க வேண்டாம். ஸ்லேட் வேலையே தொழிலாகச் செய்பவர் ஒருவரிடம் இரண்டாவது மதிப்பீடு வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பிரித்தே ஆகவேண்டும் என்றானால், நல்ல கற்களைக் குப்பையில் கொட்ட விடாதீர்கள். பழைய ஸ்லேட்டைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது.