கின்னரனை எழுதக் கற்றல்

திருக்கோயிலை வலம்வரும் அன்பர்கள் எம்பெருமானுடைய திருவுருவங்களைச் சேவித்து மகிழ்வர். அவற்றின் ஓரத்தே இசைக்கருவி ஏந்தி நிற்கும் சிறிய உருவங்களை நின்று நோக்குவோர் சிலரே. அவ்வுருவங்களுள் இடைக்கு மேல் மனிதராகவும் கீழே பறவையாகவும் விளங்குவோர் கின்னரர். மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்தில், 7ஆம் நூற்றாண்டில் செதுக்கப்பெற்ற பெரும் பாறைச் சிற்பத்தில் கின்னர இணைகளைக் காணலாம். ஆண் நரம்புக் கருவியையும் பெண் தாளத்தையும் ஏந்தியிருப்பர்.

‘கிம் நர:’ என்பது, ‘இவன் மனிதன்தானா?’ என்னும் வினா. அவ்வினாவே கின்னரன் என்னும் பெயராயிற்று என்பர். அமரகோசம் குதிரைமுகமுடையவன் என்னும் பெயரையும் இவனுக்குக் கூறும். பறவையுடலோடு அமைப்பது சிற்பிகளிடையே பெரிதும் வழங்கும் மரபு. பெயரிலேயே வினாவை உடைய இவனை எழுதப் புகுபவன், பிறர் கேட்கும் வினாக்களுக்கும் செவிசாய்த்தல் வேண்டும்.

கருவியும் நூலும்

12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் சோமேச்வரன் இயற்றிய மானஸோல்லாஸம், விளக்குக் கரியைச் சோற்றோடு பிசைந்து திரியாக உருட்டிக் கோடிழுக்கும் முறையைக் கூறுகின்றது. அத்திரிக்கு வர்த்திகை என்று பெயர். இன்றைய பென்சிலோ காரீயகம் என்னும் கரிப்பொருளையும் களிமண்ணையும் கலந்து சுட்டுச் செய்யப்படுவது. பொருள் மாறினும் தொழில் ஒன்றே.

சித்திரத்தின் இலக்கணத்தை விரிவாகக் கூறுவது ஸ்ரீவிஷ்ணுதர்மோத்தரத்தின் மூன்றாம் காண்டத்திலுள்ள சித்ரஸூத்ரம். வஜ்ர மன்னனுக்கு மார்க்கண்டேய மகரிஷி உபதேசித்தது இது. ஒரு சித்திரத்தைக் காண்போர் யாவரும் ஒன்றையே காண்பதில்லை என்று அந்நூல் கூறும். ஆசார்யர்கள் ரேகையைப் போற்றுவர். கலையறிந்தோர் நிழலமைப்பாகிய வர்த்தனையைப் போற்றுவர். பெண்டிர் அணிகலன்களை விரும்புவர். ஏனையோர் வண்ணச் செறிவை விரும்புவர். வலிவற்ற கோடு, தடித்த கோடு, உறுப்புகள் தெளிவாகப் பிரியாமை ஆகியவற்றை அந்நூல் குற்றங்களாக எண்ணுகின்றது.

ஒரு மாணவனின் சித்திரம்

இவ்வுண்மை விளங்க ஓர் உதாரணம் காண்போம். மாணவன் ஒருவன் பத்து நாள் உழைத்து, வீணை மீட்டும் கின்னரன் ஒருவனைப் பென்சிலால் எழுதினான். வீட்டார் ஆரத்தையும் கிரீடத்தையும் புகழ்ந்தனர். அண்டை வீட்டார் கருமையின் செறிவைக் கண்டு வியந்தனர். மகிழ்ச்சியோடு அவன் அதனை முதிய ஸ்தபதி ஒருவரிடம் கொண்டு சென்றான். அவர் நெடுநேரம் நோக்கியபின், “தம்பி, இவன் பறக்கவும் மாட்டான், பாடவும் மாட்டான்” என்றார். மாணவனின் முகம் வாடிற்று. ஸ்தபதி அவனை அருகே அமர்த்திக் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

முதலாவது சிறகு. அது முதுகில் போர்த்திய துணிபோல் இருந்தது. பறவையின் சிறகும் மனிதனின் கையைப் போலவே மேற்கை, முன்கை, விரற்பகுதி என்னும் மூன்று பகுதிகளை உடையது. நீண்ட வெளியிறகுகள் விரற்பகுதியினின்றும், அடுத்த வரிசை முன்கையினின்றும் வளர்கின்றன. கின்னரனுக்கு மனிதக் கைகளும் உண்டாதலின், சிறகின் அடி தோளெலும்பின் பின்புறத்தே ஊன்றித் தோன்றவேண்டும்.

இரண்டாவது கால். பறவையின் காலில் பின்னோக்கி மடியும் மூட்டை முழங்கால் என்று மாணவன் கருதியிருந்தான். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுகளுக்குள் மறைந்திருக்கும். இது தெரியாமையால் உருவம் நிலைகொள்ளாது சாய்ந்தது.

மூன்றாவது கை. வீணையை விறகுக் கட்டை போலப் பற்றியிருந்தான் அக்கின்னரன். விரல் நுனி நரம்பைத் தீண்டவில்லை. செவி ஒலிக்குச் சாயவில்லை. வாத்தியம் அறியாதவனுக்கு நிருத்தமும், நிருத்தம் அறியாதவனுக்குச் சித்திரமும் கைவாரா என்று மார்க்கண்டேயர் கூறியதன் பொருள் இங்கே விளங்கும்.

நான்காவது வர்த்தனை. மாணவன் பென்சில் கருமையை விரலால் தேய்த்து எங்கும் ஒன்றாக்கியிருந்தான். சித்ரஸூத்ரம் வர்த்தனையை மூவகைப்படுத்தும்: இலை நரம்பு போன்ற கோடுகளால் அமைவது பத்ரம், மிக நுண்ணிய கோடுகளால் அமைவது ஐரிகம், புள்ளிகளால் அமைவது பிந்து. சிறகுக்குப் பத்ரமும், முகத்துக்கு ஐரிகமும், கருவியின் மரத்துக்குப் பிந்துவும் இட்டுப் பார்க்குமாறு ஸ்தபதி கூறினார்.

மாணவன் அன்றிரவு உறங்கவில்லை. சித்திரத்தைக் கிழித்துவிடலாம் என்றும் எண்ணினான். ஆயினும் விடிந்தபின் புதிய தாளெடுத்து, ஆபரணம் ஏதுமின்றி, சிறகின் அடியை மட்டும் இருபது முறை எழுதினான். ஒரு மாதத்துக்குப்பின் அவன் கொணர்ந்த சித்திரத்தில் ஆரமும் இல்லை, கிரீடமும் இல்லை. விரல் நரம்பின்மேல் இருந்தது. ஸ்தபதி புகழ்ந்துரைக்கவில்லை. “இப்போது ஆரம் போடலாம்” என்று மட்டும் கூறினார். அவனுக்கு அது போதுமாயிருந்தது.

ஆழ்வார் காட்டும் கின்னரர்

பெரியாழ்வார் தமது திருமொழியின் மூன்றாம் பத்தில், ஆறாம் திருமொழியால் கண்ணனுடைய குழலோசையின் பெருமையை அருளிச்செய்தார். அவ்வோசை செவியுற்றபோது தும்புருவும் நாரதரும் தத்தம் வீணையை மறந்தனர். கின்னர இணைகளோ இனித் தம் கருவியைத் தீண்டுவதில்லை என்றனவாம். இசையிலேயே வாழ்பவர்கள் தம்மினும் மேலான இசையைக் கேட்டவுடன் கருவியைக் கீழே வைத்தனர். அவர்களை ஒருவரும் இகழவில்லை. நிறைவைக் கேட்டமையால் தம் குறை தாமே விளங்கிற்று.

குறை கூறக் கேட்டு வாடும் உள்ளத்துக்கு இதுவே மருந்து. ‘என்னை இகழ்ந்தார்’ என்று எண்ணுபவன் பென்சிலை வீசிவிடுவான். ‘இதனினும் மேலானது ஒன்று உண்டு’ என்று உணர்பவன் அதனைச் சற்றே கீழே வைத்து, மீண்டும் எடுப்பான்.

திருநாளுக்கு எழுந்தருளியுள்ள அன்பர்கள் தம் குழந்தைகளுக்கு ஒரு தாளும் பென்சிலும் அளித்து, இசைவாணர் உருவம் ஒன்றின் முன்னே சிறிது நேரம் அமரச் செய்வாராக. வரைந்ததைக் கண்டு புகழ்வதற்கு முன், விரல் நரம்பைத் தொடுகின்றதா என்று மட்டும் அன்போடு கேட்பாராக.