கடல் கடந்த குடிவாழ்வு

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதொரு நாட்டிற் குடிபுகுவார்க்கு முதலில் வேண்டுவன உணவும் உறையுளும் ஆகும். பின்னர் அந்நாட்டு மொழியும், சட்டமும், அயலாரின் நட்பும் வேண்டும். இவையனைத்தும் கைவந்த பின்னரும் அவர்கள் அந்நியராகவே எண்ணப்படுதல் உண்டு. குடிவந்தோர் குடிமக்களாவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை கண்டவருள் ஒருவர் சோழவள நாட்டிலே தோன்றியவர்.

கும்பகோணத்திற்கு அணித்தே உள்ளது வலங்கைமான். நெல்வயல்கள் சூழ்ந்த அவ்வூரில், வறிய வைதிகக் குடும்பமொன்றில், 1869-ஆம் ஆண்டு சீனிவாச சாஸ்திரியார் பிறந்தார். குடந்தையிற் கல்வி பயின்றார், ஆசிரியரானார், சென்னைத் திருவல்லிக்கேணியில் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக விளங்கினார். செல்வமும் செல்வாக்கும் இல்லாத அவரை உலகறிய உயர்த்தியது கல்வியே.

அவர் பிறப்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் பலர் தென்னாப்பிரிக்காவை அடைந்திருந்தனர். 1860-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற ‘துரூரோ’ என்னும் கப்பல் நேட்டால் நாட்டின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை ஒன்றரை இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் இவ்வாறு சென்றனர். ஐந்தாண்டு ஒப்பந்தத்திற்குக் கட்டுப்பட்டுக் கரும்புத் தோட்டங்களிற் பாடுபட்ட அவர்கட்குத் தொடக்கக் கூலி திங்களுக்குப் பத்துச் சில்லிங்கே.

ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கினர். சிறு நிலங்களைக் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி பயிரிட்டனர். அவற்றைக் கூடையிற் சுமந்து வீடுதோறும் விற்றனர். ஆங்கிலமும் சுலு மொழியும் பேசப் பழகினர். வலங்கைமானில் மாரியம்மனை வழிபடுவது போலவே, நேட்டாலிலும் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். இங்ஙனம் அந்நிய மண் மெல்ல மெல்லச் சொந்த மண்ணாயிற்று.

ஆனால் ஆட்சியாளர் அவ்வாறு கருதவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் திரும்பிச் செல்லாதவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி செலுத்த வேண்டுமென 1895-இல் சட்டம் செய்தனர். ஒரு பவுனுக்கு இருபது சில்லிங்கு. எனவே அவ்வரி ஆறு திங்கட் கூலிக்கு நிகராகும். காந்தியடிகள் நடத்திய அறப்போரின் பயனாக 1914-இல் அவ்வரி ஒழிந்தது. எனினும், இந்தியரைத் திருப்பி அனுப்பும் எண்ணம் ஒழியவில்லை.

1927-இல் இந்திய அரசும் தென்னாப்பிரிக்க அரசும் கேப்டவுன் உடன்பாட்டினைச் செய்துகொண்டன. தாயகம் திரும்ப விரும்புவோர்க்குப் பொருளுதவி அளித்தல் அதன் ஒரு கூறு. அங்கேயே தங்குவோரைக் கல்வியிலும் வாழ்விலும் உயர்த்துதல் மற்றொரு கூறு. அவ்வாண்டே சாஸ்திரியார் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாக அங்குச் சென்றார். தமக்கு எதிரான வெறுப்பையும் பொறுத்துக்கொண்டு, வெள்ளையர் கூடிய அவைகளில் இந்தியரின் நிலையை எடுத்துரைத்தார். இந்தியரிடம், கல்விக்குப் பொருள் தருமாறு வேண்டினார்.

அன்று நேட்டாலில் இந்தியச் சிறுவர்க்கு உயர்நிலைக் கல்வி பெறுதல் அரிதாயிருந்தது. இந்தியர் பொருள் திரட்டித் தந்தனர். 1929-இல் டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது. கல்லூரி என்பது பெயராயினும், அஃது உயர்நிலைப் பள்ளியே. ஆசிரியர்ப் பயிற்சியும் அங்கு நடைபெற்றது. தோட்டத் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் அங்குக் கற்று, ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்தனர்.

ஒரு பள்ளியால் எல்லாத் துன்பமும் நீங்கிவிடவில்லை. 1950-இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் இந்தியர் பலர், பாடுபட்டுக் கட்டிய வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 1994-இல்தான் எல்லா இனத்தவரும் வாக்களித்த பொதுத்தேர்தல் அந்நாட்டில் நடைபெற்றது. எனினும், நிலத்தையும் வீட்டையும் பறித்தவர்களால் மக்கள் பெற்ற கல்வியைப் பறிக்க இயலவில்லை.

மாணவர்களே! இன்றும் நம்மவர் பலர் பிற நாடுகளுக்குச் சென்று வாழ்கின்றனர். நம் ஊருக்கும் பிற நிலத்தார் பிழைப்புத் தேடி வருகின்றனர். செல்லும் நாட்டின் மொழியையும் வழக்கத்தையும் கற்றல் செல்வோரின் கடமை. வந்தவரின் மக்களுக்குப் பள்ளியின் வாயிலைத் திறந்து வைத்தல் அந்நாட்டாரின் கடமை. இவ்விரு கடமைகளும் நிறைவேறும் இடத்தில், அந்நிய நாடு தாய்நாடாகும்.