பழைய கணினியிலும் முப்பரிமாண வரைவு: குறைந்த செலவில் வேகம் கூட்டுவது எப்படி?

"கேட் சாஃப்ட்வேர் ஓடமாட்டேங்குது, புது லேப்டாப் வேணும்" என்று பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை கேட்கிறதா? கடன் வாங்கிப் புதுசு வாங்கும் முன் கொஞ்சம் பொறுங்க. வீட்டில் இருக்கும் பழைய கணினியை, விலையில்லா மடிக்கணினியாக இருந்தாலும், பல நேரங்களில் சில ஆயிரம் ரூபாயிலேயே படிப்புக்கு ஏற்றபடி தேற்றிவிடலாம். எதற்குச் செலவு செய்வது என்று தெரிந்தால் போதும்.

முதலில் குறையைக் கண்டுபிடிங்க

வழக்கமாக வேலை செய்யும் வரைபடத்தைத் திறந்து, மாடலைச் சுற்றிச் சுற்றிப் பாருங்க. அதே நேரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் கவனிக்க வேண்டியவை:

• மெமரி 90 சதவீதத்தைத் தாண்டினால், ரேம் போதவில்லை.
• டிஸ்க் தொடர்ந்து 100 சதவீதத்தில் நின்றால், ஹார்டு டிஸ்க்தான் தடை. ரேம் நிறைந்தாலும் இப்படிக் காட்டும். அதனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்க.
• சிபியு 25 சதவீதம்தான் காட்டுது, ஆனாலும் மாடல் தடுமாறுதா? வரைவு வேலையில் பெரும்பகுதி ஒரே ஒரு கோரில்தான் நடக்கும். நான்கு கோர் கணினியில் ஒன்று முழுசாக உழைத்தால் 25 சதவீதம்தான் தெரியும். இதற்கு ரேம் கூட்டிப் பயனில்லை.

ரேம்

பிளெண்டர் போன்ற மென்பொருளுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி, கிராபிக்ஸுக்கும் ரேமில் இருந்தே பங்கு எடுக்கும். அதனால் ஒரே 8 ஜிபியை விட, இரண்டு 4 ஜிபி ஜோடியாகப் போட்டால் படம் சீராக ஓடும். பழைய மடிக்கணினிகளில் டிடிஆர்3, டிடிஆர்3எல் என இரு வகை உண்டு. பின்னது 1.35 வோல்ட்டில் இயங்குவது. மாற்றி வாங்கினால் பணம் வீண். ரேமில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக் கடையில் காட்டுங்க.

எஸ்எஸ்டி

சாதாரண ஹார்டு டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி படிக்கும். 2.5 அங்குல எஸ்எஸ்டி பழைய டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும். கணினி துவங்குவது, கோப்பு திறப்பது, சேமிப்பது எல்லாம் வேகமாகும். ஆனால் திறந்த மாடலைச் சுழற்றும் வேகம் இதனால் கூடாது.

தூசியும் சூடும்

சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஃபேனில் தூசி நீக்கி, காய்ந்த தெர்மல் பேஸ்டை மாற்றினாலே இழந்த வேகம் திரும்பும். மெத்தை மேல் வைத்து வேலை செய்யாதீங்க. வரையும்போது சார்ஜர் இணைப்பில் இருக்கட்டும்.

மென்பொருளைத் தெரிந்து தேர்ந்தெடுங்க

புதிய பதிப்புதான் நல்லது என்றில்லை. பிளெண்டர் 4-ஆம் பதிப்புக்கு ஓப்பன்ஜிஎல் 4.3 தேவை. இன்டெல் எச்டி 4000 போன்ற பழைய கிராபிக்ஸில் அது ஓடாது, 3.6 பதிப்பு ஓடும். எந்திரப் பாகங்களுக்கு ஃப்ரீகேட், தட்டை வரைபடத்துக்கு லிப்ரேகேட் ஆகியவை இலவசம். ஆட்டோகேட்தான் வேண்டும் என்றால், மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே கல்வி உரிமத்தை இலவசமாகத் தருகிறது. 'கிராக்' பதிப்பு போடாதீங்க. அதோடு வைரஸும் வரும், வங்கி விவரங்களும் திருடுபோகலாம்.

வரையும்போது வேண்டாத லேயர்களை மறைங்க. நிழல், பளபளப்பை அணைச்சிட்டு சாதாரணத் தோற்றத்தில் வேலை செய்யுங்க. ஆட்டோகேடில் 'பர்ஜ்' கட்டளை, பயன்படாத பிளாக்குகளை நீக்கிக் கோப்பின் எடையைக் குறைக்கும்.

எங்கே செலவு செய்யக் கூடாது?

பெரும்பாலான மடிக்கணினிகளில் கிராபிக்ஸை மாற்ற முடியாது. மேசைக் கணினியில் கார்டு சேர்க்கலாம். ஆனால் ஸ்லாட் வழியாக 75 வாட் வரைதான் மின்சாரம் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்-உம் மாற்ற வேண்டிவரும். சிபியுதான் தடை என்றாலும், ரேம் ஏற்கெனவே போர்டில் பற்றவைக்கப்பட்டு 4 ஜிபியோடு நின்றாலும், அந்தக் கணினியில் மேலும் பணம் போடாதீங்க.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் போடலாம். பிளெண்டர், ஃப்ரீகேட், லிப்ரேகேட் மூன்றும் அதில் ஓடும். ஆட்டோகேட் ஓடாது.

கழற்றும் முன் மறக்காதீங்க

1. வரைபடங்களை பென்டிரைவில் நகல் எடுங்க. சான்றிதழ்களை டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்க.
2. சார்ஜரையும் பேட்டரியையும் துண்டியுங்க.
3. ஒவ்வொரு திருகும் எங்கே இருந்தது என்று போனில் படம் எடுங்க.
4. கழற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்க.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே மாடலைத் திறந்து மறுபடி டாஸ்க் மேனேஜரைப் பாருங்க. தேவை அங்கேயே தீர்ந்துவிட்டால் அடுத்த செலவு மிச்சம்.